ஊருக்கு ஓர் ஓசை உண்டு!

சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே தினமும் மின்சார ரயிலில் போய்வருபவர்களில் பலர், ஜன்னல் கம்பியில் தலைசாய்த்துத் தூங்கிவிடுவார்கள். ஆனால், இறங்க வேண்டிய ஸ்டேஷன் நெருங்கும்போது எப்படியோ விழிப்பு வந்துவிடும். யாரும் எழுப்பியிருக்க மாட்டார்கள். திருவள்ளூரில் கூட்டம் இறங்கும் சத்தம், ஏகாட்டூரில் பெட்டி சட்டென்று அமைதியாவது, அடுத்து பிரேக் பிடிக்கும் ஒலி... 'கடம்பத்தூர் வந்துவிட்டது' என்று காது சொல்லிவிடுகிறது. கண்ணுக்கு இமை உண்டு, மூடிக்கொள்ளலாம். காதுக்கு அந்த வசதி இல்லை. தூங்கும்போதும் அது வேலையில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் ஒவ்வோர் ஊருக்கும் தனி முகம் இருப்பதுபோல, தனிக் குரலும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தக் குரலைக் கேட்டு, பதிவு செய்து, அதிலிருந்தே ஒரு படைப்பை உருவாக்குகிற கலை உலகம் முழுக்க வளர்ந்துவருகிறது. 'ஒலிக்கலை' என்று சொல்லலாம். இதில் வயலினும் வேண்டாம், வீணையும் வேண்டாம். இடம்தான் வாத்தியம்.

கேட்கப் புதுமையாக இருக்கும். ஆனால், கடம்பத்தூரிலிருந்து மூன்றே ஸ்டேஷன் தள்ளி, இதே வேலையை ஓர் அம்மையார் ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார். அந்தக் கதைக்குப் போகும் முன் பாரிஸுக்கு ஒரு நடை போய்வரலாம்.

ரயில்தான் முதல் வாத்தியம்

1948. பிரெஞ்சு வானொலியில் வேலை பார்த்த பியர் ஷேஃபர் என்ற பொறியாளர், பாரிஸின் பாட்டிஞோல் ரயில் நிலையத்துக்குப் பதிவுக் கருவிகளோடு போனார். இன்ஜின்கள் நீராவி விடும் சத்தம், விசில், தண்டவாளத்தில் சக்கரம் உருளும் தாளம் எல்லாவற்றையும் இசைத்தட்டில் பதிவு செய்தார். பிறகு அவற்றை வெட்டி, ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சில நிமிடங்கள் ஓடும் ஒரு படைப்பாக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அது வானொலியில் ஒலிபரப்பானது. 'ரயில் பாதைப் பயிற்சி' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்திருந்தார்.

'இதெல்லாம் இசையா?' என்ற கேள்வி அன்றே எழுந்தது. ஆனால், பதிவு செய்த ஒலியை வெட்டி ஒட்டி, திரும்ப ஓடவிடும் அந்த வித்தை, இன்று சினிமாப் பாட்டுக்குள்ளும் ரீல்ஸுக்குள்ளும் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. அதன் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று ஒரு ரயில் நிலையம் என்பது, ரயில் தடத்தை ஒட்டி வாழ்கிற ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமையான செய்திதான்.

தம்பூரா, மணி, முகவரி

ஷேஃபர் ஒலியை அதன் இடத்திலிருந்து பிரித்தெடுத்தார். பெயர் ஏறக்குறைய ஒன்றாக ஒலிக்கும் இன்னொருவர், கனடாவின் முர்ரே ஷேஃபர், ஒலியை அதன் இடத்தோடு சேர்த்துக் கேட்கச் சொன்னார். அவரும் நண்பர்களும் வான்கூவர் நகரத்தின் ஒலிகளைப் பதிவு செய்து 1973-ல் இசைத்தட்டாகவே வெளியிட்டார்கள். 1975-ல் ஐரோப்பாவின் ஐந்து கிராமங்களில் தங்கி, அங்கே என்னென்ன கேட்கிறது என்று குறித்துவைத்தார்கள். 2000-ஆம் ஆண்டுவாக்கில் பின்லாந்து ஆய்வாளர்கள் அதே கிராமங்களுக்குப் போய், 25 ஆண்டுகளில் என்ன மாறியது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் குழு பதிவு செய்யாமல் விட்டிருந்தால், இரண்டாவது குழுவுக்கு ஒப்பிட எதுவும் இருந்திருக்காது.

ஓர் ஊரின் ஒலிகளை முர்ரே ஷேஃபர் மூன்றாகப் பிரித்தார். நம் வழக்கில் சொன்னால் இப்படி.

முதலாவது, தம்பூரா மாதிரி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் ஒலி. யாரும் கவனிப்பதில்லை. நின்றால்தான் தெரியும். வயல்காட்டில் பம்ப்செட், தொழிற்பேட்டை அருகே இயந்திர உறுமல், மழைக்காலத்து ஏரிக்கரையில் தவளைகள். இரண்டாவது, கவனிக்கச் சொல்லும் ஒலி. லெவல் கிராசிங் மணி, ரயில் ஹாரன், ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கு. மூன்றாவது, அந்த ஊருக்கு மட்டுமே உரிய ஒலி. அது ஊரின் முகவரி மாதிரி. ஒரு கோயில் மணியாக இருக்கலாம். காலையில் பள்ளிவாசலிலிருந்து வரும் குறிப்பிட்ட குரலாக இருக்கலாம். ஆலமரத்தில் மாலையில் அடையும் மைனாக்கூட்டமாகவும் இருக்கலாம்.

உங்கள் ஊரின் மூன்றாவது ஒலி எது? பலருக்கும் பதில் சட்டென்று வராது. தினமும் கேட்கிறோம்; ஆனால், கேட்டதை யோசித்ததில்லை.

ஆலங்காட்டில் கேட்ட அம்மையார்

கடம்பத்தூரைத் தாண்டினால் செஞ்சி பனம்பாக்கம், மணவூர், அதற்கடுத்து திருவாலங்காடு. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை இருக்கும் ஊர். அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான காரைக்கால் அம்மையார், வாழ்வின் நிறைவில் வந்து சேர்ந்த இடம் என்று மரபு சொல்கிறது. அவருடைய காலம் ஆறாம் நூற்றாண்டையொட்டியது என்பது பரவலான கருத்து.

அம்மையார் பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தைப் பக்தி நூலாக மட்டுமே பலர் படித்திருப்பார்கள். ஒருமுறை காதை மட்டும் திறந்துவைத்துப் படித்துப் பாருங்கள். அவர் காட்டுவது நள்ளிரவுச் சுடுகாடு. கும்மிருட்டு. கண்ணுக்கு அங்கே அதிக வேலை இல்லை. வாகை மரத்தின் காய்ந்த நெற்றுகள் காற்றில் கலகலக்கின்றன. கூகை குரல் கொடுக்கிறது. ஆந்தை கிளையில் தாவுகிறது. அந்தச் சத்தங்களுக்கு நடுவே இறைவன் ஆடுகிறான்.

வாகையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கோடையில் இலை உதிர்ந்து, தட்டையான வெளிர் நெற்றுகள் மட்டும் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். உள்ளே விதைகள் தளர்ந்து கிடப்பதால், லேசான காற்றுக்கே கிலுகிலுப்பை மாதிரி சலசலக்கும். இருட்டில் நின்று கேட்ட ஒருவரால்தான் இதைப் பாட்டில் வைக்க முடியும்.

அதோடு நிற்கவில்லை. அதே பதிகத்தில் துத்தம், கைக்கிளை, விளரி என்று ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும், குடமுழா, மொந்தை, தமருகம், மத்தளம், வீணை, தாளம் என்று வாத்தியங்களையும் வரிசையாக அடுக்குகிறார். ஒரு பக்கம் நெற்றும் கூகையும். மறுபக்கம் சுரமும் முழவும். எது சத்தம், எது சங்கீதம் என்ற வேலியை அவர் போட்டுக்கொள்ளவே இல்லை. இருபதாம் நூற்றாண்டு பாரிஸில் பெரிய விவாதமாக வெடித்த விஷயம், இங்கே ஒரே பதிகத்துக்குள் இயல்பாக உட்கார்ந்திருக்கிறது.

ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நிலத்தையும் ஒலியையும் சேர்த்தே யோசிப்பது தமிழின் பழைய பழக்கம். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்குமான கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று பின்வந்தவர்கள் விரித்துச் சொன்னார்கள். மலைக்கு ஒரு முழக்கம், கடற்கரைக்கு வேறொரு முழக்கம். மண் மாறினால் ஓசையும் மாறும் என்பது அவர்களுக்கு இலக்கணம்.

போன ஓசை திரும்புமா?

1856 ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு, திருவள்ளூர், அரக்கோணம் வழியே வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோமீட்டர் ஓடியது. அன்றுவரை மாட்டுவண்டிச் சக்கரமும் ஏற்றப்பாட்டும் கேட்டுக்கொண்டிருந்த வயல்வெளியில், முதன்முறையாக நீராவி விசில் ஊதியது. அந்த நாளில் இந்தப் பக்கத்து மக்களின் காதுக்கு அது எப்படி இருந்திருக்கும்? மிரண்டு ஓடிய மாடுகளுக்குத்தான் தெரியும்.

பிறகு நீராவி இன்ஜின் பழகிப்போனது. டீசல் வந்தது. மின்சாரம் வந்தது. நீராவியின் 'குப் குப்' காணாமல் போனது. ஆனாலும், இன்றைய குழந்தைகள் வரிசையாகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு 'குச்சுக் குச்சு' என்றுதான் ரயில் ஓட்டுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நீராவி இன்ஜினை நேரில் கேட்டதே இல்லை. இயந்திரம் போய்விட்டது, ஓசை விளையாட்டில் மட்டும் தங்கிவிட்டது.

இன்னொன்றும் மெல்ல மறைந்துவருகிறது. தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் சக்கரம் ஏறி இறங்கும்போது எழும் 'தடக்... தடக்' தாளம். இப்போது தண்டவாளங்களை நீளநீளமாகப் பற்றவைத்துவிடுவதால், பெரும்பாலான தூரத்துக்கு அந்தத் தாளம் இல்லை. தடம் மாறும் இடங்களில்தான் பலமாகக் கேட்கும். பயணத்துக்கு நல்லதுதான். ஆனால், அந்தத் தாளத்தில் தூங்கி வளர்ந்தவர்களுக்கு அது ஒரு தாலாட்டு.

கிறிஸ் வாட்சன் என்ற பிரிட்டிஷ் ஒலிப்பதிவாளர் செய்தது இங்கே நினைவுக்கு வரும். இயற்கை சார்ந்த டிவி படங்களுக்கு ஒலி பதிவு செய்பவர் அவர். மெக்சிகோவை ஒரு கடற்கரையிலிருந்து இன்னொரு கடற்கரை வரை கடந்த பயணிகள் ரயிலில், டிவி நிகழ்ச்சி ஒன்றுக்காக ஒலிகளைப் பதிவு செய்துவந்தார். பின்னர் அந்த ரயில் சேவையே நின்றுபோனது. 2011-ல் அந்தப் பதிவுகளை வைத்து 'பேய் ரயில்' என்று பொருள்படும் பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டார். இல்லாத ரயிலில் இன்றைக்கும் ஏறிப் பயணம் போகலாம், கண்ணை மூடிக்கொண்டு.

ரயில் மட்டுமா? தெருவும் அப்படித்தான். கீரை, உப்பு, கோலமாவு, பழைய இரும்பு என்று கூவி விற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு ராகம் இருந்தது. குரலை வைத்தே யார் வருகிறார் என்று வீட்டுக்குள் இருந்தபடி சொல்லிவிடலாம். இப்போது பல வண்டிகளில் ஸ்பீக்கர் ஏறிவிட்டது. பதிவு செய்த ஒரே குரல், ஒரே வசனத்தை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறது. தொண்டை வலியில்லாமல் விற்கமுடிவது வியாபாரிக்கு நிம்மதி; அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால், கடம்பத்தூர் தெருவும் கன்னியாகுமரித் தெருவும் காதுக்கு ஒன்றுபோல ஆகிவிட்டன என்பதும் உண்மை. கனடாவில் வாழும் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1990-களில் டெல்லிக்கு வந்தபோது, தெரு வியாபாரிகளின் கூவலைப் பதிவு செய்து ஒரு படைப்பே உருவாக்கினார். நமக்குச் சலித்துப்போன சத்தத்தில் அவர் காதுக்கு ஒரு நகரமே தெரிந்தது.

டெசிபலில் அடங்காதது

'இரைச்சலைக் குறைப்பதை விட்டுவிட்டு, இதைப்போய்ப் பதிவு செய்வதா?' என்று தோன்றலாம். நியாயமான கேள்வி. கும்மிடிப்பூண்டி, காக்களூர், தேர்வாய்கண்டிகை என்று தொழிற்சாலைகள் சூழ்ந்த மாவட்டத்தில் இரைச்சல் உண்மையான பிரச்னைதான். அதற்குச் சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது. தொழிற்பகுதியில் பகலில் 75, இரவில் 70.

ஆனால், சட்டம் எவ்வளவு சத்தம் என்று அளக்கும். எந்தச் சத்தம் என்று கேட்காது. தவளைக்கும் ஜெனரேட்டருக்கும் மீட்டரில் ஒரே எண் வரலாம். ஏரி தூர்ந்து தவளைக்குரல் நின்றுபோனால், மீட்டர் 'நிலைமை முன்னேறியிருக்கிறது' என்றுகூடக் காட்டக்கூடும்!

ஜப்பான் வேறு வழியில் யோசித்தது. 1996-ல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் துறை, 'எதிர்காலத்துக்கு விட்டுச்செல்ல வேண்டிய ஒலிகள் எவை?' என்று மக்களிடமே கேட்டது. 700-க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் வந்தன. அவற்றில் 100-ஐத் தேர்ந்தெடுத்து அறிவித்தது. வடகடலில் பனிப்பாளங்கள் உரசும் ஒலி, புத்தாண்டு இரவில் யோகோஹாமா துறைமுகக் கப்பல்கள் ஊதும் சங்கு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நீராவி ரயில் எல்லாம் அதில் உண்டு. கெட்ட சத்தத்தைத் தடுப்பது ஒரு வேலை. நல்ல சத்தத்தைப் பட்டியலிடுவது இன்னொரு வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் ஊர் காக்கப்படும்.

இரண்டு ஆறுகள், ஒரு பாட்டு

கூவம் என்றாலே சென்னைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பெயரைக் கொடுத்த கூவம் கிராமம் இருப்பது கடம்பத்தூர் ஒன்றியத்தில்தான். அங்குள்ள ஏரியின் உபரி நீரோடு கிளம்பும் ஆறு, சுமார் 70 கிலோமீட்டர் ஓடி, சென்னையில் கடலைத் தொடுகிறது. நியூசிலாந்தில் பிறந்த அன்னியா லாக்வுட் என்ற கலைஞர், அமெரிக்காவின் ஹட்சன் நதி மலையில் பிறக்கும் இடத்திலிருந்து கடலில் சேரும் இடம் வரை பயணம் செய்து, அதன் ஒலிகளை மட்டும் வைத்து 1982-ல் ஓர் 'ஒலி வரைபடம்' படைத்தார். கூவத்துக்கும் அப்படி ஒன்று செய்தால் என்ன? பிறந்த இடத்தில் மதகு வழியே நீர் விழும் ஓசை, போகப்போக அது பேருந்து ஹாரனுக்குள் மூழ்குவது, கடைசியில் அலை. ஓர் ஆற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் புள்ளிவிவரம் இல்லாமலே அது சொல்லிவிடும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னோர் ஆறு கொசஸ்தலை. பூண்டி ஏரியைக் கடந்து எண்ணூரில் கடலைச் சேர்கிறது. அந்தக் கழிமுகம் சாம்பலாலும் ஆக்கிரமிப்பாலும் சுருங்குவதைச் சொல்ல, 2017 ஜனவரியில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்தது. கபேர் வாசுகி எழுதிய சென்னைத் தமிழ் வரிகளை, டி.எம்.கிருஷ்ணா கர்னாடக ராகங்களில் பாடினார். சபாவில் அல்ல, அந்த எண்ணூரிலேயே நின்று பாடிப் படமாக்கினார்கள். நிலத்தைப் பற்றிப் பாடுவது வேறு, நிலத்தில் நின்று பாடுவது வேறு என்று அன்று பலருக்குப் புரிந்தது.

உங்கள் போனில் ஒரு ஊர்

இதற்கெல்லாம் பெரிய கருவி வேண்டும் என்பதில்லை. 1948-ல் ஒரு வானொலி நிலையத்துக்கே தேவைப்பட்ட வசதி, இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. நாளைக்கு நாலு செல்ஃபி எடுக்கிறோம். மாதத்துக்கு ஒரு ஓசை எடுத்தால் போதும்.

* போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பதிவின் நடுவில் அழைப்பு வராது.
* பதிவு தொடங்கியதும் தேதி, நேரம், இடம் மூன்றையும் வாயால் சொல்லுங்கள். 20 ஆண்டுகள் கழித்து அந்த ஒரு வரிதான் பொக்கிஷம்.
* போனைக் கையில் பிடிக்காமல் ஒரு துணியின் மேல் வையுங்கள். விரல் உரசும் சத்தம் வராது. காற்று பலமாக இருந்தால் மைக் மேல் மெல்லிய துணியைச் சுற்றுங்கள்.
* வாய்ஸ் ரெக்கார்டரில் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இங்கே பின்னணிதான் கதாநாயகன்.
* ஐந்து நிமிடமாவது பேசாமல் இருங்கள். இதுதான் மிகவும் கஷ்டம்.
* வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், தரம் குறையாது.
* தண்டவாளத்தின் மேலோ, பிளாட்பார விளிம்பிலோ நின்று பதிவு செய்யவே கூடாது. பிறர் பேச்சைப் பதிவதாக இருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எப்போது பதிவு செய்வது? விடியலும் பின்னிரவும் நல்ல நேரங்கள். ஊர் அடங்கியிருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே உள்ள காற்று சூடாக இருக்கும். அப்போது ஒலி மேலே தப்பிப் போகாமல் தரைப்பக்கம் வளைந்து வரும். பகலில் கேட்காத ரயில் ஹாரன், இரவில் பல தெருக்கள் தாண்டிப் படுக்கைக்கே வருவது இதனால்தான்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்க சின்ன வயசுல தினமும் கேட்ட, இப்ப கேக்காத சத்தம் எது?' ஏற்றம் இறைக்கும் ஒலி, உலக்கை இடிக்கும் ஒலி, ஆட்டுரல், தந்திக்காரரின் சைக்கிள் மணி என்று ஒவ்வொன்றாக வரும். சிலர் வாயால் அந்தச் சத்தத்தைச் செய்தும் காட்டுவார்கள். அதைப் பதிவு செய்யுங்கள். அந்த ஓசைக்கு அதைவிட நல்ல பதிவு இனி எங்கும் கிடைக்காது.

வீடு கட்டினால் போட்டோ எடுக்கிறோம். நிலம் வாங்கினால் பத்திரம் எழுதுகிறோம். ஏரிக்கு எல்லைக்கல் நடுகிறோம். ஓர் ஊரின் ஓசைக்கு மட்டும் பட்டாவும் இல்லை, படமும் இல்லை. அதனால்தான் அது போகும்போது யாரும் புகார் கொடுப்பதில்லை. திருவாலங்காட்டில் அன்று காற்றில் ஆடிய வாகை நெற்று, ஒருவர் நின்று கேட்டார் என்பதற்காகவே இன்றைக்கும் நம் காதில் சலசலக்கிறது. இந்த மழைக்காலத்தில் உங்கள் ஊர் ஏரிக்கரையில் தவளைகள் கத்தும் இரவில், ஐந்து நிமிடம் ஒதுக்க முடியுமா?